கருப்பு ஜன்னலில் அப்பாவுக்கு ஒரு வரி

எடை மிஷின் கம்பெனியில் அவளுக்கு ஜன்னல் என்று பட்டப்பெயர். மற்றவர்களின் கணினியில் படமும் பொத்தானுமாக ஏதேதோ திறந்து கிடக்கும். இவள் கணினியில் காலை வந்ததிலிருந்து சாயங்காலம் கிளம்புகிற வரைக்கும் ஒரே ஒரு கருப்பு ஜன்னல், அதில் வெள்ளை எழுத்து. டெர்மினல் என்பார்கள். மிஷினுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை அவள் சி மொழியில் எழுதின நிரல்கள் அந்த ஜன்னலில் வரி வரியாகச் சொல்லும். தட்டில் மூட்டை ஏறியது, எடை நிலைக்கு வந்தது, தட்டு காலி. பழுது பார்க்கிறவர்கள் அதைப் படித்துத்தான் கோளாறு எங்கே என்று பிடிப்பார்கள்.

"வெறும் எழுத்துதானே, இதுல என்னம்மா இருக்கு?" என்று யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிடுவாள்.

"வெறும் எழுத்தா? ஊமையா கிடக்கிற இரும்பு வாயத் திறந்து பேசுது சார்! நீங்க காது கேக்கிற ஜனம், உங்களுக்கு எங்க தெரியப்போகுது!"

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய அப்பா கொதிகலன் பட்டறையில் ஆணி அடிக்கிற வேலை பார்த்தவர். அண்ணன் தம்பிகள் நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக அதே பட்டறைக்குத்தான் போனார்கள். மூத்தவரான அப்பாவுக்கு அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போயிற்று. இரண்டாமவருக்கு ஒரு காது. மூன்றாமவருக்கு இன்றைக்கும் உள்ளே வண்டு ரீங்காரம் போடுகிறது. கடைசிச் சித்தப்பா மட்டும் முழுக் காதோடு தப்பித்தார், ஏனென்றால் அவர் ஒருநாளும் ஒழுங்காக வேலைக்குப் போனதில்லை.

வீட்டில் அப்பாவுக்குச் சேதி சொல்லும் வேலை சின்னவளான இவள் தலையில் விழுந்தது. அண்ணன் கையைக் காலை ஆட்டிக் காட்டிவிட்டு ஓடிவிடுவான். இவள் எழுதுவாள். பலகையில், உள்ளங்கையில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில்கூட. யார் வந்திருக்கிறார்கள், அம்மா எதற்குக் கோபமாக இருக்கிறாள், பக்கத்து வீட்டு மாமா என்ன சொல்லிச் சிரிக்கிறார், எல்லாம் எழுத்துதான். அதில் அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. நகைச்சுவையை எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்திருப்பார்கள். அப்பா படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பார்.

அந்தத் தனிச் சிரிப்புதான் ஒருநாள் அவர் காலைக் கட்டிப்போட்டது. அம்மாவின் தங்கை வீட்டுக்காரருடைய தம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பெரிய மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். மைக்கில் யாரோ ஏதோ சொல்ல மண்டபமே குலுங்கியது. அப்பா இங்குமங்கும் பார்த்தார். நாம் மட்டும் உம்மென்று இருக்கக்கூடாது என்று அவரும் சிரித்தார். பட்டறையில் கத்திப் பழகின தொண்டை! ஆனால் அவர் சிரிக்கத் தொடங்கியபோது எல்லாரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கை கழுவப் போகிறவர் மாதிரி எழுந்து போனார். நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் வருவதில்லை. "எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்பார். வீடு எங்கேயோ ஓடிப்போகப் போகிற மாதிரி!

ஜன்னல் முதன்முதலில் கணினி வகுப்பில் உட்கார்ந்தபோது, திரையில் ஒரு வரி வரவைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வணக்கம் போட்டார்கள். இவள் அப்பா என்று போட்டாள். அந்தக் காலத்துத் திரைக்குத் தமிழ் தெரியாது, கேள்விக்குறியாக வந்து நின்றது. அதற்கே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாம் எழுதினோம், அது எழுதுகிறது! பின்னாளில் தமிழும் வந்தது. ஒரு எழுத்துக்கு உள்ளே மூன்று இடம் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் அடங்காமல் பத்தியையெல்லாம் கோணலாக்கிக்கொண்டு வந்தது. வந்தால் போதும் என்று எண்களை முன்னால் தள்ளி, தமிழைப் பின்னால் விட்டு, வரிசையை நேராக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத வித்தையா?

இப்போது அண்ணன் மகளுக்கு வருவோம். நீச்சல் குளமே கதி என்று கிடக்கிற பெண். நடை கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து வரும். அதனால் குடும்பத்தில் அவள் வாத்து. தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த வாத்தைப் பிடிக்க ஆள் கிடையாது. ஊரின் பெரிய நீச்சல் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"தாத்தா வரமாட்டாரா அத்தை?" என்று வாத்து கேட்டாள். "நான் நீந்தி அவர் ஒருவாட்டிகூடப் பாத்ததில்ல."

"வருவாரு. நான் வரவைக்கறேன்" என்று சொல்லிவிட்டாள் ஜன்னல். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

நல்ல நேரம், குளத்தில் நேரம் காட்டுகிற பெரிய பலகை செத்துப்போயிருந்தது. நடுவர்கள் கையில் கடிகாரம் வைத்திருந்தார்கள். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு ஒலிபெருக்கிதான் கதி. ஜன்னல் குளத்துச் செயலாளரிடம் போய் நின்றாள். கம்பெனியில் கழித்துப் போட்ட எடைத் தட்டுகளைத் தடத்துக்கு ஒன்றாகச் சுவரில் பொருத்துகிறேன், நீந்துகிறவர் கை பட்டால் தட்டு சொல்லும், என் நிரல் அதை எழுத்தாக்கும், புரொஜெக்டரை வைத்து எதிர்ச் சுவரில் பெரிதாகக் காட்டலாம் என்றாள். செயலாளர் சந்தேகப் பேர்வழி. இருந்தாலும் சும்மா வருவதை விடுவானேன் என்று தலையாட்டினார்.

வீட்டில் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தட்டை அதில் தொங்கவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் கையால் தட்டைத் தொட்டார். தொட்ட கையை எடுப்பதற்குள் திரையில் வரி வந்தது. "5-ஆம் தடம், தொட்டாச்சு."

அப்பா மறுபடி தொட்டார். மறுபடி வரி. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

"இது அங்க சுவத்துல வருமா?" என்று சத்தமாகக் கேட்டார்.

அவள் ஜன்னலிலேயே எழுதினாள். "பெருசா வரும்பா."

"எல்லாரும் பாக்கிறப்பவே நானும் பாப்பேனா? இல்ல எனக்கு அப்புறமா வருமா?"

"அதே நொடி. எல்லாருக்கும் ஒரே வரி."

அப்பா அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு எழுந்துபோய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். அவர் அப்படி இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு எத்தனை காலம்! இந்த முறை சறுக்கினால் அவர் அடுத்து ஒரு வாசலையும் மிதிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுடைய வீட்டுக்காரருக்கு ஷேர் வேன் ஓட்டுகிற தொழில். அன்றைக்கு சவாரியை விட்டுவிட்டு குடும்பத்தையே அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். கூரை போட்ட குளம், உள்ளே குளோரின் வாசனை, படிக்கட்டு முழுக்க ஜனம், விசில், கூச்சல். அப்பாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் கருப்பு ஜன்னல் ஒரு வேன் நீளத்துக்கு விழுந்து மின்னியது.

எல்லாம் தயாரான நேரத்தில் செயலாளர் வந்தார்.

"ஏம்மா, இது சுவத்துல வந்துட்டு அப்படியே போயிருமா? எங்களுக்கு ஒரு நகல் வேணுமே."

"அதுக்கென்ன சார்" என்று அவள் ஒரு சின்ன வேலை செய்தாள். நிரலின் பேச்சை நேரே ஜன்னலுக்கு விடாமல், நடுவில் ஒரு குழாய் வைத்து, ஒரு கிளை ஜன்னலுக்கும் ஒரு கிளை கோப்புக்கும் போகும்படி மாற்றினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்த வேலை. சோதித்துப் பார்க்க நேரமில்லை. தொடங்குகிறவர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

முதல் சுற்றில் ஒருத்தி விசிலுக்கு முன்பே குதித்துவிட்டாள். ஜன்னல் அதற்கென்று வைத்திருந்த விசையை அழுத்தினாள். "தவறான தொடக்கம்" என்று சிவப்பு எழுத்தில் சுவரில் பளிச்சென்று வந்தது. கூட்டம் ஓவென்றது. அப்பாவும் ஓவென்றார்! அவளுக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

மறுபடி விசில். குதித்தார்கள். போனார்கள், திரும்பி வந்தார்கள், தட்டைத் தொட்டார்கள். சுவரில் ஒன்றும் வரவில்லை.

மறுபடி தொட்டார்கள். ஒன்றும் இல்லை. அந்தச் சிவப்பு வரி மட்டும் தனியாக நின்றது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள், தட்டுகளின் விளக்கைப் பார்த்தாள். விளக்கு ஒழுங்காகக் கண் சிமிட்டுகிறது. சுற்று முடிந்து ஒலிபெருக்கி முடிவைச் சொல்ல, கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் அப்பா வெற்றுச் சுவரைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, உன் ஜன்னலு தூங்குதா?" என்றார் செயலாளர்.

"இருங்க சார், ஒயரா இருக்கும்."

இரண்டாவது சுற்று. வாத்து ஐந்தாம் தடத்தில் ஏறி நின்று, தாத்தாவைப் பார்த்துக் கையாட்டினாள். விசில். பாய்ந்தாள் பாருங்கள், தண்ணீர் தெறிக்கவே இல்லை! முதல் திருப்பத்திலேயே மற்றவர்களைப் பின்னால் விட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து, மடை உடைந்த மாதிரி சுவரில் வரிகள் கொட்டின. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே எழுத்து.

அப்பா ஆசையாக எழுந்து நின்று படித்தார். அவர் தேடியது ஐந்தாம் தடம். கண்டுபிடித்தார். "5-ஆம் தடம், கடைசி இடம்."

அது முதல் சுற்றின் முடிவு. வேறொரு பெண்ணின் முடிவு. எந்தச் சுற்று என்று ஒவ்வொரு வரியிலும் எழுத அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது எங்கே தெரியும்? பேத்தி கடைசி, எல்லாம் முடிந்துவிட்டது, சுற்றிலும் எதற்கோ கூச்சலிடுகிறார்கள், தனக்கு மட்டும் மறுபடி பின்னால்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் முகம் தொங்கிப்போனது. பையை எடுத்துக்கொண்டார். குளத்தின் ஓரமாக, சுவரின் கீழே இருந்த வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

ஜன்னல் குளத்துக்கு இந்தப் பக்கம், ஒயர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் சுவரின் கடைசி வரியில் போய் ஒட்டியது. அந்த வரி பாதியில் நின்றிருந்தது. ஒரு எழுத்துக்கு நடுவிலேயே வெட்டி, வாலறுந்த பல்லி மாதிரி. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. ஒயர் கோளாறு இப்படி அளந்து வெட்டாது. நிரல் எழுத்தைச் சேர்த்துவைக்கிற பை ஒன்று உண்டு, அது நிறைந்தால்தான் இப்படி வெட்டும். குழாய்! கடைசி நேரத்தில் வைத்த அந்தப் பாழாய்ப்போன குழாய்!

ஆனால் அதைச் சரிசெய்ய இப்போது நேரமேது? அப்பா பாதி தூரம் போய்விட்டார். கூப்பிட்டால் கேட்காது. குளத்தைச் சுற்றி ஓடினால் அவர் வாசலைத் தாண்டிவிடுவார். கையிலிருப்பது எழுத்து மட்டும்தான்.

ஓடிக்கொண்டிருந்த நிரலை ஒரே தட்டில் கொன்றாள். பையில் மிச்சமிருந்த வரிகளும் அதோடு சேர்ந்து செத்தன. சாகட்டும். ஜன்னல் வெறுமையாகி, கட்டளைக்குக் காத்துக் கண்ணடித்தது. அதில் விரல் போன போக்கில் அடித்தாள். கையால் அடிப்பது எந்தப் பைக்கும் காத்திருக்காது, எழுத்து எழுத்தாக அப்படியே சுவரில் ஏறியது.

"அப்பா போகாதீங்க அது பழைய கதை வாத்து முதல்ல வர்றா திரும்பிப் பாருங்க"

கடைசியில் பழக்க தோஷத்தில் என்டரையும் தட்டிவிட்டாள். ஜன்னலுக்கு அது கட்டளை மாதிரி. அதற்குத் தெரிந்த முறையில் விறைப்பாகப் பதில் எழுதியது. 'அப்பா' என்றொரு கட்டளை இங்கே இல்லை.

படிக்கட்டு முழுக்க அதைப் படித்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! குளத்துக் கூரையே அதிர்ந்தது. வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா நேர் எதிரே, தலைக்கு மேலே, தன்னைக் கூப்பிடுகிற வரியைப் படித்தார். அதற்குக் கீழே ஜன்னலின் பதிலைப் படித்தார். படித்த நொடியில் அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. பட்டறைத் தொண்டையால் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பினார். மொத்தக் கூட்டமும் சிரித்துக்கொண்டிருந்தது. யாரும் இவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்து, இவரோடு சேர்ந்து, ஒரே நேரத்தில்!

திரும்பினவரின் கண்ணுக்கு எதிரே ஐந்தாம் தடத்தில் வாத்து பாய்ந்து வந்து தட்டைத் தொட்டாள். முதலிடம்.

செயலாளர் ஓடி வந்தார். "என்னம்மா, குடும்ப விவகாரத்தையெல்லாம் சுவத்துல எழுதிக்கிட்டு!"

"மன்னிச்சுக்கோங்க சார். இறுதிச் சுற்றுக்குள்ள சரி பண்ணிடறேன். தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு!"

வீட்டுக்காரர் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "அப்படி என்னதான் ஆச்சு?"

அவள் தட்டச்சை நிறுத்தாமலே சொன்னாள். "உங்க வேன் மாதிரிதாங்க. நேரே ஜன்னலுக்குப் போறதா இருந்தா, ஒரு வரி முடிஞ்சதும் வண்டிய எடுத்துடும். நடுவுல குழாய் இருக்குன்னு தெரிஞ்சா, எதிர்ல ஆள் யாரும் பாக்கலேன்னு நெனச்சுக்கிட்டு, பை ரொம்புற வரைக்கும் ஸ்டாண்டுலயே நிக்கும். ரொம்பினதும் ஒரே தள்ளா தள்ளிட்டுப் போகும்."

"சரியாத்தானே செய்யுது! ஆள் ரொம்பாம எவன் வண்டிய எடுப்பான்?"

"பேசாதீங்க!"

"அப்ப அந்த சிவப்பு வரி மட்டும் எப்படி உடனே வந்துச்சு?"

"அது எச்சரிக்கை போற வழி. ஆம்புலன்ஸ். ஒரே ஆளானாலும் எடுத்துடும், காத்திருக்காது. அத நான் அப்பவே கவனிச்சிருக்கணும், ஒயரப் போய்க் கட்டிப்புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஒவ்வொரு வரியையும் எழுதுகிற இடத்துக்கு அடுத்தாற்போல, எஃப்ஃப்ளஷ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். நடத்துநர் வண்டியின் பக்கவாட்டில் தட்டி, போலாம் ரைட் என்பது போல. எந்தச் சுற்று என்பதையும் வரிக்கு வரி முன்னால் ஒட்டினாள். குழாயை எடுக்கவில்லை. செயலாளருக்கு நகல் தருவதாகச் சொன்னது சொன்னதுதான். இந்த முறை சோதித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். ஈரக் கையால் தட்டைத் தொட்டாள், சுவரில் வரி. தொட்டாள், வரி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இறுதிச் சுற்றில் வாத்துக்கு நாலாம் தடம். விசில் ஊதியதும் கூட்டம் போட்ட கூச்சலில் ஒலிபெருக்கி என்ன சொல்கிறது என்று ஒரு காதிலும் விழவில்லை. அத்தனை பேரும் செவிடுதான் அப்போது! எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். கை பட, வரி வந்தது. கை பட, வரி வந்தது. அப்பா முதல் வரிசையில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். பட்டறைக் குரல் கூச்சலைக் கிழித்துக்கொண்டு போனது.

"இறுதிச் சுற்று, நாலாம் தடம், ரெண்டாவது!"

பின்னால் இருந்த ஒரு பெண்மணி, வாத்தின் அம்மாவான அண்ணியின் தோளைத் தட்டினாள். "அந்தப் பெரியவர இன்னும் கொஞ்சம் சத்தமா படிக்கச் சொல்லுங்க, என் கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டேன்."

அண்ணி கையைக் குவித்துக் காட்டினாள். அப்பாவா விடுவார்? கடைசி நீளம் முழுக்க அவர்தான் ஒலிபெருக்கி. வாத்தும் பக்கத்துத் தடத்துப் பெண்ணும் கைக்குக் கை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். யார் முதலில் தொட்டது என்று கண்ணால் பார்த்தவனுக்குக்கூடத் தெரியவில்லை. எல்லாத் தலையும் சுவருக்குத் திரும்பியது. இரண்டு வரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி வந்தன. மூன்றாம் தடம், முதலிடம். நாலாம் தடம், இரண்டாமிடம்.

"ரெண்டாமிடம்! என் பேத்தி ரெண்டாமிடம்!" என்று அப்பா இரண்டு கையையும் தூக்கினார். முதலிடம் வந்த பெண்ணின் வீட்டாரே திரும்பி அவருக்குக் கைகொடுத்தார்கள்.

வேனில் திரும்பும்போது அவர் வாய் ஓயவில்லை. ஈரத் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்த வாத்தின் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்பாங்கிற கட்டளையே இல்லையாம்! எவ்வளவு திமிரு பாரு அதுக்கு! ஏம்மா, அதுக்கு முதல்ல அதச் சொல்லிக்குடு."

சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக, சி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, அதற்கு அப்பா என்றே பெயர் வைத்தாள். அவரைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த மூன்று எழுத்தையும் அடித்து என்டரைத் தட்டினார்.

ஜன்னல் உடனே எழுதியது. "அடுத்த போட்டி வர்ற ஞாயித்துக்கிழமை. கிளம்ப ரெடியாப்பா?"

அப்பா படித்தார். எழுந்தார். "சட்டை எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போனார்.

"இன்னிக்கு திங்கக்கிழமைதாம்பா!" என்று அவள் அவசர அவசரமாக ஜன்னலில் எழுதினாள்.

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.